ட்ரையர் வரியில் யார் பேர்?

"ஐயோ... மேனேஜர்!"

மஞ்சூருக்கு மேலே, அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் காலை எட்டு மணிக்கு எழுந்த அலறல், சங்குச் சத்தத்தையே அமுக்கியது!

தேயிலையைக் காயவைக்கும் ட்ரையர் அறைக்குள் மேனேஜர் பிரசாத்.

பிணமாக!

உள்ளே போகக் கதவைத் தள்ளினால் போதும். வெளியே வர விரல் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் 'ட்ரையர்' குரூப்பில் பேர் இருந்தால்தான் திறக்கும்.

பிரசாத் விரல் வைத்திருக்கிறார்... திறக்கவில்லை. புகை விடவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னால வாட்ச்மேன் கொர்னேலியஸோட மகன் மனுவேலும் இப்படித்தானே செத்தான்?" இன்ஸ்பெக்டர் வேலாமணி கேட்டாள்.

"ஆமாங்க மேடம். கெழவனுக்கு அந்தக் கோவம்!" கம்ப்யூட்டர் ஆபீசர் ஹரிஹரசுதன் துள்ளினான். "குரூப் ஃபைலைப் படிக்க நானே ஸி லாங்குவேஜ்ல ப்ரோகிராம் எழுதியிருக்கேன். பாருங்க!"

திரையில்... ட்ரையர்: கொர்னேலியஸ்.

பிரசாத் பேரைக் காணோம்!

"மேனேஜர் பேரைத் தூக்கிட்டு உம்பேரைப் போட்டியாய்யா?" வேலாமணி கிழவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடத் தெரியாதுங்கம்மா..." கொர்னேலியஸ் கும்பிட்டார்.

விலங்கு நீண்டது.

"ஒரு நிமிஷமுங்க!"

ஆபீஸ் கிளார்க் தாரிணி. கிழவரின் மருமகள். மனுவேலின் விதவை.

"ஏனுங்க ஹரி சார், ஃபைல்ல ஒரு குரூப்புக்கு ஒரு வரி. உங்க ப்ரோகிராம் ஒவ்வொரு வரி படிக்கறப்பவும் பழசை அழிச்சுட்டு அதே எடத்துலதானுங்களே புதுசை வைக்கும்?"

"அ... ஆமா."

"நீங்க ட்ரையர் வரியைக் காப்பி எடுக்கல. எடத்தை மட்டும் குறிச்சுட்டு, ஃபைல் முடியற வரைக்கும் படிச்சுட்டீங்க. இப்ப அந்த எடத்துல நிக்கறது கடைசி வரிங்க. வாட்ச்மேன் குரூப்! அதுல எங்க மாமா ஒருத்தர்தானுங்களே?"

ஹரிக்கு வியர்த்தது. அந்தக் குளிரில்!

"ப்ரோகிராமை உடுங்க மேடம். ஃபைலைத் திறந்து கண்ணால படிங்க."

வேலாமணி படித்தாள்.

"ட்ரையர்... ஹரிஹரசுதன்!"

"நா... நான் எழுதலீங்க!"

"வேற யாரு திருத்த முடியும்?"

"என் பாஸ்வேர்டு இல்லாம ஒருத்தரும்..." நாக்கைக் கடித்தான்.

"நீயே கொன்னுட்டு, பொய் சொல்ற ப்ரோகிராமைக் காட்டிப் பெரியவர் தலையில கட்டறியா? நட!"

ஜீப் கொண்டை ஊசி வளைவில் மறைந்தது.

"ஹரியா பண்ணுனான், தாரிணி?" கொர்னேலியஸ் கேட்டார்.

"யூனியன் ஆரம்பிச்சாருன்னு உங்க மகன் பேரை அந்த வரியிலருந்து எடுக்கச் சொன்னது பிரசாத்துங்க மாமா. எடுத்தது ஹரி. இன்னிக்குப் பிரசாத் பேரை எடுத்துட்டு ஹரி பேரை எழுதுனது..."

சிரித்தாள்.

"நானுங்க! பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வச்சிருந்தான்."

"அடிப் பாவி... அப்ப அந்த ப்ரோகிராம்ல இருந்த பிழை?"

"அது அவனோட சொந்தச் சரக்குங்க மாமா. என்னுது திருத்தம் மட்டுந்தான்!"