ரைமோருக்குத் தீ வைத்த பக்கம்

வடசேரியில் ஞானசெல்வியின் மாடியறைக்கு யேசுதாசன் மூச்சு வாங்க ஏறினார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜிஷா, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஞானசெல்வியைத் தேடி யாராவது வந்துவிட்டால் ஜிஷாவுக்குக் கால் தரையில் நிற்காது.

யேசுதாசன் காமிக்ஸ் பதிப்பாளர். அவர் புத்தகங்கள் ஓடுவதே ஒரு வில்லனால்தான். பனியரக்கன் ரைமோர். உலகம் முடிகிற நாளில், செத்தவர்களின் நகங்களால் கட்டிய கப்பலில் ஓர் அரக்கன் வருவான் என்று ஐரோப்பாவின் வடதேசத்துப் புராணம் சொல்கிறதாம். அவனை வைத்து ஓவியர் சிவபிரசாத் உண்டாக்கிய ஆள் இவன். கழுகு போல வளைந்த மூக்கு, வெட்டுப்பட்ட புருவம். இந்த இதழில் ரைமோர் சாகிறான். கப்பலில் கிடக்கும் அவனுக்குச் சொந்த மகனே தீ வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறான். அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் காணவில்லை.

சிவபிரசாத் காகிதத்தில் மை தொட்டு வரைகிறவர். முந்தாநாள் மழையோடு வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி அலமாரியில் பூட்டியது, படங்களுக்கு வண்ணம் போடும் அனீஷ். மறுநாள் பார்த்தால் பக்கம் இல்லை. எல்லாம் வைத்தேன் என்றார் ஓவியர். கவரைப் பிரிக்கவே இல்லை என்றான் அனீஷ். ரைமோரின் அசல் படத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வெளியூரில் நிறையப் பேர். சாயங்காலத்துக்குள் பக்கம் வராவிட்டால் அனீஷ் மேல் போலீசில் புகார் கொடுக்கப்போவதாக யேசுதாசன் சொன்னார்.

மூவரும் அவருடைய அலுவலகத்துக்குப் போனதும் ஜிஷா யாரையும் கேட்கவில்லை. நேரே அனீஷின் தோள்பையை வாங்கி, எல்லோர் முன்னாலும் மேசையில் கவிழ்த்தாள். சோற்றுப் பாத்திரம், குடை, அம்மாவின் மருந்துச்சீட்டு. வேறொன்றும் இல்லை. அனீஷ் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தான். ஜிப்பை மட்டும் மூடவில்லை.

ஞானசெல்வி கவரைக் கேட்டு வாங்கினாள். மை ஒட்டாமலிருக்க ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு மெல்லிய தாள் வைப்பது சிவபிரசாத்தின் பழக்கம். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசித் தாளை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு, எல்லோரும் சிவபிரசாத் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

எல்லோரும் காரில் களியக்காவிளைப் பக்கம் போனார்கள். ஜிஷாவின் அருகில் அனீஷ் பையை மடியில் திறந்தபடியே வைத்திருந்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டின் தெற்குப் பக்கம் ஒரு மாமரத்தின் அடிக்கட்டை, வெட்டு இன்னும் கறுக்காமல் இருந்தது. சற்றுத் தள்ளி, தனியாக ஒரு தென்னம்பிள்ளை.

"வீட்டப் பெருசாக்கப் போறாரு போல. மரத்த வெட்டிருக்காரு, பாத்தியளா அக்கா? ரூவா எங்கேருந்து வந்துன்னு கேக்கணும்" என்று ஜிஷா காதைக் கடித்தாள்.

ஞானசெல்வி கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த சிவபிரசாத் ஆளே இளைத்திருந்தார்; வளைந்த மூக்கில் கண்ணாடி நிற்காமல் சரிந்தது. எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்தார். அனீஷின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஞானசெல்வி தாள்களை மேசையில் பரப்பினாள்.

"இந்த மழ ஈரத்துல காஞ்ச மையும் எளகி ஒட்டும். எல்லாத் தாளுலயும் படத்துக்க நிழல் ஒட்டியிருக்கு. கடைசித் தாளு மட்டும் வெள்ளையா இருக்கு. பக்கம் காணாமப் போகல்ல. கவருக்குள்ள வரவே இல்ல."

யேசுதாசன் ஓவியரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி ஜிஷா, வீடு கட்டப்போற எடத்துல எவனாவது தென்னம்பிள்ளை வைப்பானா? தெக்க மாமரத்த வெட்டி அடுக்கி, எரிச்ச எடத்துல தென்னை வச்சிருக்காவ. வீட்டுல சாவு விழுந்தா நம்ம ஊருல இப்பிடித்தான் செய்வாவன்னு உனக்குத் தெரியாதா?" அவள் குரல் இறங்கியது. "சிவபிரசாத், ரைமோருக்க மூக்கு உங்க முகத்துல இருக்கு. மவன் தீ வைக்கிற பக்கத்த மட்டும் கொடுக்காம வச்சிட்டிய. அப்பா எப்ப தவறினாவ?"

சிவபிரசாத் தென்னம்பிள்ளையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பக்கத்தை எடுத்து வந்து வைத்தார். சின்ன வயதில் அவருடைய படங்களையெல்லாம் அப்பா அடுப்பில் போட்டாராம். அந்தக் கோபத்தில்தான் அரக்கனுக்கு அப்பாவின் முகத்தைக் கொடுத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தை வரைந்து முடித்த வாரமே அப்பா போய்விட்டார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்.

"எலும்பு பொறுக்குன சஞ்சயனத்தன்னிக்கு டீக்கடைக்காரரு வந்தாரு" என்றார் சிவபிரசாத். "எனக்க அப்பா ஒவ்வொரு புக்கும் வாங்கி அங்க கொண்டு காட்டுவாராம். 'எம்மூஞ்சிய மவன் வரஞ்சிருக்கான் பாருங்கலே'ன்னு. அரக்கன்னு தெரிஞ்சேதான் சொன்னாராம். ஒரு நாளும் எங்கிட்ட கேக்கல்ல."

மேசையில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது, மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கப்பறம் இத அச்சுக்குக் கொடுக்க முடியல்ல. ஏன்னு சொல்லவும் வாய் வரல்ல. அனீஷ் மேல பழி போனதும் சொல்லிரணும்னு ஃபோன எடுத்தேன்..."

"எடுத்துட்டு வச்சிட்டிய" என்றான் அனீஷ். சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வண்ணம் முடியல்லன்னு நானே ரெண்டு நாள் இழுத்திருப்பேன் அண்ணே."

யேசுதாசன் எழுந்து அவன் தோளைத் தொட்டார். நாளைக்கு வழக்கம்போல வந்துவிடச் சொன்னார். அனீஷ் நகர்ந்து நின்றான்.

"இனி வரல்ல சார். அந்த அலமாரிச் சாவிய எப்பிடித் தொடுவேன்?"

காருக்கும் அவன் வரவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னான். ஜிஷா அவன் பின்னால் வாசல்வரை ஓடினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, மழைக்குள் இறங்கி நடந்தான்.