டோக்கன் பதினேழில் ஒரு பிணம்!

"அம்மா, செத்துப்போனவங்க வரிசையில உட்காருவாங்களா?"

மகள் எப்போதோ கேட்டபோது 'டேபிள்காரி' விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று போன் அலறியது!

"அக்கா, ஓடி வாங்க! செத்தவர் ஒருத்தர் டோக்கனோட உட்கார்ந்திருக்காரு!"

பேசியது பிராணிகள் மருத்துவமனையின் வரவேற்புப் பெண். அங்கே கம்ப்யூட்டருக்கு 'டேபிள்' எனும் அட்டவணைகள் வடிவமைத்துக் கொடுத்ததால் இவளுக்கு வந்த பட்டம்தான் 'டேபிள்காரி'.

ஓடினாள்.

பதினேழாம் டோக்கனுடன் 'பிணம்' அழுதுகொண்டிருந்தது. மடியில், காலுறையை விழுங்கிய நாய்... துவண்டு கிடந்தது!

"உடனே ஆபரேஷன் பண்ணணும்!" டாக்டர் கத்தினார். "கம்ப்யூட்டரோட இணைச்ச மயக்க மருந்து அலமாரி திறக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர் 'உரிமையாளர் காலமானார்'ங்குது!"

"ஐயோ, உயிரோடதான் இருக்கேன்! கிள்ளிப் பாருங்க!"

"உங்களைக் கிள்ளினா கம்ப்யூட்டருக்கு வலிக்குமா?"

டாக்டர் வரவேற்புப் பெண் பக்கம் திரும்பினார்.

"நீதானே தப்பா தட்டின?"

"ஆமா டாக்டர்... நான்தான்."

தவறுப் பதிவேட்டில் அவள் பெயரைக் கிறுக்கினார்.

"ஏம்மா ஒத்துக்கிட்ட?" டேபிள்காரி கிசுகிசுத்தாள்.

"சண்டை போட்டா நேரம் போயிடும்க்கா. நாயைப் பாருங்க!"

டேபிள்காரி சுவரில் ஒட்டியிருந்த தன் அட்டவணை வரைபடத்தைப் பார்த்தாள்.

இரண்டு கட்டங்கள். உரிமையாளர்... பிராணி. நடுவே ஒரு கோடு. பிராணிப் பக்கம் அது காக்கைக்கால் போல மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒருவருக்குப் பல பிராணிகள்!

"சார், வீட்டுல வேற ஏதாவது வளர்த்தீங்களா?"

"கிளி. போன வாரம்... போயிடுச்சும்மா."

அவள் மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள்.

'இறந்த தேதி' உரிமையாளர் கட்டத்தில் இருந்தது!

முதலில் எல்லாமே ஒரே அட்டவணை. அதை இரண்டாகப் பிரித்த அன்று, இந்த ஒன்றை மட்டும் உரிமையாளர் பக்கமே விட்டுவிட்டாள். கிளி செத்த தேதியை வரவேற்புப் பெண் சரியாகத்தான் தட்டினாள். மனுஷன் கணக்கு முடிந்தது!

கொலைகாரி... அவளேதான்!

விரல்கள் பறந்தன. தேதியைப் பிராணி அட்டவணைக்கு மாற்றினாள். கிளியின் சாவைக் கிளிக்கே கொடுத்தாள்.

டக்!

அலமாரி திறந்தது.

அரை மணி நேரத்தில் காலுறை வெளியே வந்தது. மயக்கம் தெளிந்ததும் நாய் வாலை ஆட்டியது. 'பிணம்' டாக்டரைக் கட்டிப்பிடித்தது.

"பொணம்னாலும் நல்ல பலம்யா!" என்றார் டாக்டர், மூச்சு வாங்கியபடி.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

டேபிள்காரி மட்டும் தங்கினாள். மாலையில் டாக்டர் கையெழுத்திடும் தவறுப் பதிவேட்டைத் திறந்தாள். வரவேற்புப் பெண்ணின் பெயரை அடித்தாள். தன் பெயரை எழுதினாள்... கொட்டை எழுத்தில்!

நாயைப் பிழைக்கவைத்தவன் கடவுள். தன் பங்குக்கு அவள் ஒரு பெயரைத்தான் மாற்றினாள்.

செத்தவரையே எழுப்பியாயிற்று... இது என்ன பிரமாதம்!