நிம்மி எழுதாத ராஜினாமா

சனிக்கிழமை காலை லூர்துராஜ் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு நிம்மி கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள். ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் ஆறு வருஷமாக நர்ஸ். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஆன்ட்டி, நான் வேலைய விட்டுட்டேனாம். எனக்கே நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது" என்றாள்.

மெட்டில்டா தாளை வாங்கிக்கொண்டாள். பாடநூல் அச்சகம் ஒன்றில் இருபது வருஷமாக ஆங்கிலப் பிழை திருத்துகிறவள். தப்பை யாரும் கண்டுபிடிக்கலாம், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தன் மனைவியால்தான் முடியும் என்று லூர்துராஜ் தான் வேலை பார்க்கும் தபால் ஆபீஸில் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

நிம்மியின் பெயரில் போன மின்னஞ்சலின் நகல் அது. நாலே வரி. "ஐ ரிசைன் டுடே. ஐ டிஸ்கஸ்டு மை ஜாப் வித் மை ஃபாதர். ஐ டோன்ட் வாண்ட் டு டாக் திஸ் மேட்டர். ப்ளீஸ் டோன்ட் வொரி மீ."

"கடைசி வரியப் படிச்சிட்டு எங்க சூப்பரின்டென்டென்ட் கௌரம்மா மேடம் கொதிச்சுட்டாங்க. 'என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு எழுதிருக்கேனாம். உடனே ஏத்துக்கிட்டாங்க. நோட்டீஸ் குடுக்காமப் போனதால அனுபவச் சான்றிதழும் கிடையாதாம். ஆறு வருஷமும் தண்ணில போச்சு, அல்வா ஆன்ட்டி?" 'இல்லையா' என்பதற்கு அந்த ஊர்க் கன்னடத்து 'அல்வா'தான் அவள் வாயில் வரும்.

வியாழக்கிழமை மதியம், அந்த மின்னஞ்சல் போன நேரத்தில், நிம்மி வார்டு கம்ப்யூட்டரில் தன் மெயிலை மூடாமல் சாப்பிடப் போயிருந்தாள். அந்த அரை மணி நேரத்தில் மூன்று பேர் அங்கே உட்கார்ந்தார்கள். மருந்தகத்து ஆஷ்லி, கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் அப்பழுக்கில்லாமல் எழுதுவாள். ராமாபுரத்திலிருந்து வந்த சக நர்ஸ் தமிழ்ப்ரியா, ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறுவாள், நிம்மியின் பகல் ஷிஃப்ட் மேல் ஒரு கண். மூன்றாவது முன் ஆபீஸ் குமாஸ்தா தருண்குமார், நோட்டீஸ் போர்டு அவன் பொறுப்பு.

"இதுல என்ன யோசனை, தமிழ்ப்ரியாதான். இவ்வளவு ஓட்டை இங்கிலீஷ் வேற யாருக்கு வரும்?" என்றார் லூர்துராஜ், கரண்டியும் கையுமாக.

"தோசை தீயுதுங்க" என்றாள் மெட்டில்டா. பிறகு நிம்மியிடம், "'டிஸ்கஸ்'னு வந்தா தமிழ்ப்ரியா எப்படி எழுதுவா?"

"'டிஸ்கஸ் அபௌட்'னுதான். அங்க பாதிப் பேரு அப்படித்தான். போன வாரம் நோட்டீஸ் போர்டுல இருந்த அந்த 'அபௌட்'டைக்கூட நான்தான் எல்லார் முன்னாடியும் அடிச்சுவிட்டேன்."

மெட்டில்டா தாளை மடித்துப் பையில் வைத்து, "கிளம்பலாம்" என்றாள்.

நர்ஸிங் ஹோமுக்கு லூர்துராஜும் கூடப் போனார். கௌரம்மா பத்து நிமிஷம்தான் கொடுத்தார். பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்தது, நமக்குத் தமிழ் போதும். மெட்டில்டா மூன்று பேரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தான் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாள். "நோயாளியின் மகன் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னார். நாங்கள் அதைப் பற்றி விவாதித்தோம்."

வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் பரப்பினாள்.

"மேடம், 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபௌட்' வரக்கூடாது. 'டாக்', 'வொரி', 'கம்ப்ளெயின்' இதுக்கெல்லாம் வரணும். ஆஷ்லி ரெண்டையும் சரியா எழுதிருக்கா. தமிழ்ப்ரியா எல்லாத்துக்கும் 'அபௌட்' போட்டுட்டா. ராஜினாமாவ எழுதினவங்க எதுக்குமே போடல. 'டிஸ்கஸ்டு மை ஜாப்' ரொம்பச் சரி. அதே கை 'டாக் திஸ் மேட்டர்'னு எழுதுது."

"ஆஷ்லி வேணும்னே தப்பா எழுதிருக்கலாமே?" என்றார் கௌரம்மா.

"தப்பு மாதிரி காட்டணும்னா முதல்ல 'டிஸ்கஸ் அபௌட்'னுதான் எழுதத் தோணும். ஊரறிஞ்ச தப்பு அது. இது தப்பு பண்ணவங்க கடிதம் இல்ல மேடம், திருத்தப்பட்டவங்க கடிதம். 'அபௌட்'னாலே அவமானம்னு பயந்து, கண்ட எடத்துலெல்லாம் எடுத்துட்டாங்க. 'என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க'ன்னு மரியாதையா முடிக்கப் பார்த்தாங்க. அந்த ஒரு சொல் போனதுல 'தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு ஆயிடுச்சு."

மூன்றாவது தாளைக் கௌரம்மா பக்கம் நகர்த்தினாள். "கம்ப்ளெயின்டு தி ஃபுட். டிஸ்கஸ்டு இட்." கீழே தருண்குமாரின் பெயர்.

லூர்துராஜ் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். நாமும் அதே நாலு வரியைத்தான் படித்தோம், நமக்கு ஓட்டைதான் தெரிந்தது, இவளுக்கு ஒரு மனுஷனின் மனக்காயமே தெரிந்திருக்கிறதே என்று நினைத்தார். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன கொடுத்து வைத்தேனோ என்று வாய்விட்டே சொல்லியிருப்பார், இடம் சரியில்லை.

தருண்குமார் மறுக்கவில்லை. "நோயாளிங்க, டாக்டருங்க எல்லாம் நின்னாங்க. அவங்க முன்னாடி நிம்மி நான் எழுதினதை அடிச்சு, என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. ஒரு வாரமா வார்டுல என் பேரே 'அபௌட்'."

நிம்மியின் முகம் சிறுத்துப்போனது. "சிரிச்சது நிஜம்" என்றாள் மெதுவாக. "ஏன் தப்புன்னு சொல்லவும் இல்ல. அதுக்கு ஸாரி, தருண். ஆனா நீ பண்ணதுக்கு என் ஆறு வருஷம் போயிருக்கும்."

கௌரம்மா அவனுடைய தாளை நிர்வாகத்துக்குப் போகும் கோப்பில் வைத்தார். அப்புறம் அந்த மின்னஞ்சலின் நகலை எடுத்துக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார்.

"கவலைப்படாதீங்கன்னு இருந்திருந்தா என்ன கஷ்டம்னு உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். நானும் ஒரு சொல்லுக்குக் கோபப்பட்டு, ஆறு வருஷமாப் பார்த்த பொண்ணைக் கேக்காம விட்டுட்டேன்." தாளை இரண்டாகக் கிழித்தார். "ரெண்டு மணி டியூட்டிக்கு ஆள் இல்ல நிம்மி. நீ இருக்கியா?"

"இருக்கேன் மேடம்" என்றாள் நிம்மி.