தெரு குரூப்பில் எழுந்த அலை

கடலோர ஊரான மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரே ஒரு விரல் தவறியது, தெருவே தலைகீழானது.

அந்த விரல் தாஜுன்னிசா மாமியுடையது. மாமி நாவல் எழுதுபவர். கடலுக்கடியில் நகரம், பறக்கும் படகு, பேசும் நண்டு என்று இருபது வருடத்தில் ஒன்பது புத்தகங்கள். இப்போது கைவலி. அதனால் கதையை வாயால் சொல்லி, குரல் பதிவாக சுஹாவுக்கு அனுப்புவார். பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்பு மாணவி சுஹா அதை டைப் செய்து கொடுப்பாள்.

இன்று பதிவு சுஹாவுக்கு வரவில்லை. தெருவின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது.

"கடல் சுவர் மாதிரி எந்திரிச்சு வருது! நிக்காதீங்க, ஓடுங்க!"

மாமி கதை சொன்னால் கதை போலவா இருக்கும்? மூச்சு வாங்கும், குரல் நடுங்கும். கேட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குறுகிய சந்து. இடிபட்டு ஒரு பெரியவர் கீழே விழுந்தார்.

"அது கதைங்க!" என்று சுஹா கத்தினாள். யார் கேட்டார்கள்?

மாமி பதறிப்போய் இன்னொரு பதிவு அனுப்பினார். "நான் சொன்னது..." என்று தொடங்கியவர் அழுதுவிட்டார்.

"அழுகுறாங்க! அப்ப நெசந்தான்!" கூட்டம் இன்னும் வேகமாக ஓடியது.

"என் புஸ்தகத்த இந்தத் தெருவுல ஒருத்தரும் தொட்டதில்ல. இன்னிக்குத்தான் கேட்டாங்க, கேட்டுட்டு விழுந்து கெடக்குறாங்க. இனிமே எழுத மாட்டேன் சுஹா" என்றார் வாசலுக்கு வந்த மாமி.

சுஹா திரும்பிப் பார்த்தாள். சந்து முனையில் ஹசன் அலி தன் மீன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மீன் விற்கும் மைக்கில் ஊர் முழுக்க எச்சரிக்கப் போகிறாராம். அவர் வாய் திறந்தால் ஊரே ஓடும்.

மாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய சுஹா, ஆட்டோவின் குறுக்கே நின்றாள்.

"ஏ புள்ள, தள்ளு! அலை வருது!"

"அலை வந்த பெறகு என்ன ஆச்சுன்னு மாமிக்குத்தான் தெரியும், மாமா. மைக்கக் குடுங்க!"

குழம்பிப்போய் அவர் கொடுத்தார். சுஹா அதை மாமியிடம் நீட்டினாள். "அடுத்த பக்கம் சொல்லுங்க மாமி. அழாம."

மாமி தொண்டையைச் செருமினார். "அந்த அலை மேல... மூணு கண்ணு சுறா ராசா சைக்கிள்ல வந்தாரு. பெல் அடிச்சாரு. பிரேக் புடிக்கல."

ஓடியவர்கள் நின்றார்கள்.

"சைக்கிளா?" விழுந்த பெரியவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சந்து முழுக்கச் சிரிப்பு.

எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்ட மாமி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். ஹசன் அலி வாங்கவில்லை.

"பிரேக் புடிக்கலன்னீங்களே, ராசா எங்கன போயி விழுந்தாரு? அதச் சொல்லிட்டுக் குடுங்க."