மூன்று நாள் உங்களிடம்

பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடையின் ஒயர் பெட்டிக்குள் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நுழைந்தன. ஒரே ஒயரைப் பிடித்தன. வெளியே சோவென்று மழை.

"நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாள் அவள்.

"அந்த முனையை நீங்க எடுத்தீங்க... இந்த முனையை நான் எடுத்தேன்" என்றான் அவன்.

விறைப்பாக நிமிர்ந்தாள். கண்ணாடிக் கடையில் தினம் ஊரார் கண்களையெல்லாம் சோதிக்கிறவள்தான்... ஆனாலும் இவன் கண்கள் இருக்கின்றனவே! சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பார்த்தன. பார்த்தால் பார்க்கட்டும், ஒயரை விடுவதாக இல்லை.

இருவர் மணிக்கட்டிலும் அதே வாட்ச். ஸ்மார்ட் வாட்ச் என்று ஒன்று வந்த புதிதில் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, ஓரத்தில் நாலு பட்டன், அவ்வளவுதான். தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அதன் சார்ஜர் ஒயர் இப்போது குதிரைக் கொம்பு.

"நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. கிளவுஸோட இந்த பட்டனை அழுத்தலாம். புது வாட்ச் எல்லாம் வெறும் விரல் பட்டாத்தான் பேசும். உங்களுக்கு எதுக்கு?"

யாரிடமும் சொல்லாததை ஏனோ அவனிடம் காட்டினாள். பட்டனை அழுத்தினாள்.

'மழை வரும் போல இருக்கு. குடை எடுத்துக்கோ. அப்பா.'

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வந்த மெசேஜ். அன்று சாயங்காலம் அப்பா இல்லை. பழைய போனும் தொலைந்து போயிற்று. இருந்த ஒயரும் நேற்று அறுந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்து வாட்ச் அணைந்தால் இதுவும் அழிந்துவிடும்.

"போட்டோ எடுத்து வெச்சுக்கலாமே?"

"எடுத்திருக்கேன். ஆனா போட்டோ என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காதே..."

அவன் ஒயரை விட்டுவிட்டான். முழுசாக எடுத்துக்கொள்ள இவளுக்கும் மனசு வரவில்லை. மூன்று நாள் அவளிடம், மூன்று நாள் அவனிடம் என்று முடிவாயிற்று.

அவன் கண்ணாடிக் கடைக்கு வரும்போதெல்லாம், "ஒயர்காரர் வந்தாச்சு" என்று கூட வேலை பார்க்கும் அக்கா கண்ணடிப்பாள். வாசலில் இரண்டு நிமிஷப் பேச்சு... அவ்வளவுதான். ஆனால் ஒயர் அவனிடம் இருக்கும் மூன்று நாட்கள்தான் இவளுக்குப் பிடித்த நாட்கள். திருப்பிக் கொடுக்க அவன் வந்தே ஆக வேண்டுமே!

நாலைந்து மாசம் இப்படியே ஓடியது. ஒரு தடவை மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நாலாம் நாளும் இல்லை. வாட்சில் சார்ஜின் கடைசிக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் கிரீஸ் கறையோடு ஓடி வந்தான்.

"வெளியூர் வேலைல மாட்டிக்கிட்டேங்க..."

"உங்களுக்கு இது வெறும் ஒயர். எனக்கு அப்பா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் மூன்று நாளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவன் முறை வந்தது. மழையில் நனைந்து வந்து நின்றான். நீட்டிய ஒயரை வாங்கவில்லை.

"இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க."

திரும்பி நடந்தான். போனால் போகட்டும் என்று வீம்பாக நின்றாள். அப்போதுதான் அவன் வெறும் மணிக்கட்டு கண்ணில் பட்டது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"உங்க வாட்ச் எங்கே?"

"அது ரிப்பேராகி ரெண்டு மாசம் ஆச்சுங்க. சும்மாதான் கட்டிக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் எதுக்கு ஒயர் வாங்கிட்டுப் போனீங்க?"

அவன் மழையைப் பார்த்தான்...

"திருப்பிக் கொடுக்கற சாக்குல வரலாம்னுதான். உங்களைப் பார்க்காம இருக்க முடியலைங்க. ஆனா என் ஆசைக்காக உங்கப்பா எழுதினது அழிஞ்சிருக்குமே... பயந்துட்டேன்."

அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். ஒயரைச் சுருட்டி அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"மூணாம் நாள் கொண்டு வாங்க."

"மறுபடியும் லேட்டாயிட்டா?"

"ஆக மாட்டீங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... அதனாலதான் எங்கப்பாவை உங்க கையில கொடுக்கறேன்."