அம்பு ஸ்டிக்கர்

சுவரில் கைகோத்து நின்ற பிள்ளைகளில் கடைசிச் சிறுமிக்கு இடது கையில் ஆறு விரல்கள் இருந்தன. வரைந்தவன் கணக்கைத் தவறவிட்டிருப்பான். ரோஸ்மேரியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வருஷக்கணக்காக பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நின்று ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிறவளுக்கு வேறு என்ன படும்?

ஞாயிறு அரை ஷிப்ட் முடிந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குறையுள்ள இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் இன்னும் புறங்கையிலேயே இருந்தன. பழக்கதோஷம், யோசிக்கும் முன்பே ஒன்றைக் கிள்ளி அந்த ஆறாவது விரலில் ஒட்டிவிட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. மகளும் சிரிப்பாள் என்று திரும்பினாள். பெனிட்டா சிரிக்கவில்லை.

பிள்ளை தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நடை பழகும் வயதில் விட்டுவிட்டு வந்த அம்மா அவளுக்கு யாரோ ஒருத்தி. ரோட்டில் அம்மா கை நீட்டினால் பெனிட்டா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அந்தக் கை ஒரே ஒரு தடவை தன் கைக்குள் வந்துவிடாதா என்று ரோஸ்மேரி ஏங்கிப்போயிருந்தாள். பல்லடம் ரோட்டில் மூடிக்கிடக்கும் சாயப்பட்டறையில் சுவரெல்லாம் படம் வரைந்து, உள்ளே போட்டோக் கண்காட்சியும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிவந்ததும் அதற்காகத்தான்.

"உள்ள போவமா மக்கா? அம்மா கையப் பிடிச்சிக்க."

"நீங்க போங்க. நான் வாறேன்." பெனிட்டா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் கன்னையன், "போங்க அம்மிணி. காம்பவுண்டத் தாண்டிப் பாப்பா எங்க போயிரும்? நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

உள்ளே பட்டறையின் பழைய வாடை போகவில்லை. ப்ளீச்சிங் பவுடரும் துருவும் ஈரச் சுண்ணாம்பும் கலந்து தொண்டையில் இறங்கின; காய்ந்த தொட்டிகளுக்கு மேலே கம்பி கட்டி வரிசையாகப் போட்டோக்கள் தொங்க, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்க, தகரக் கூரையின் விரிசல் வழியாக மேக மூட்டத்தின் மங்கல் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. கொஞ்ச தூரம் நடந்திருப்பாள். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது.

தானாக வந்த கை. திரும்பிப் பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று பயந்து, முன்னால் பார்த்தபடியே நடந்தாள். கண் நிறைந்து போட்டோக்கள் கலங்கித் தெரிந்தன. எத்தனை நாள் பட்டினி கிடந்த சந்தோஷம் அது.

"கை ஏன் பிள்ள இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?"

பிடி இறுகியது.

முதல் போட்டோவில் துணி உலர்த்தும் பெண்கள். அடுத்ததில் வெளியே பார்த்த அதே சுவர். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 2005 என்று தேதி. வரிசையின் கடைசியில் சிறுமிக்குப் பதில் ஒரு பையன் இருந்தான். அவன் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் கணுக்காலில் ஒரு சிவப்பு அம்பு.

மூன்றாவதிலும் அதே சுவர். பையனின் இடத்தில் வேறொரு பையன், வாய் திறந்தபடி. அவன் முன்னால் ஒரு பெண் இரண்டு கையாலும் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சிறுவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அவன் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அம்பு ஒட்டிய பீஸ் என்ன ஆகும் என்று ரோஸ்மேரிக்குத் தெரியாதா? பனியனில் ஓட்டை விழுந்த கைப்பகுதியைத் தையல் பிரித்து வெளியே எடுத்துவிடுவார்கள். அதே அளவில், அதே நிறத்தில், குறையில்லாத ஒன்றை அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

கைக்குள் இருந்த விரல்களை எண்ணினாள்.

மறுபடி எண்ணினாள்.

ஆறு.

உதறினாள். ஓடினாள். வாசல். வெளிச்சம். சுவர்.

கடைசியில் பெனிட்டா இருந்தாள். நேற்று வாங்கிய நீல கவுன். தட்டையாக, சுண்ணாம்பில். ஒரு கை பக்கத்துப் பிள்ளையின் பிடியில் இருந்தது. இன்னொரு கை முன்னால் நீட்டியிருந்தது, அம்மாவைப் பார்த்து.

"பெனிட்டா. மக்கா. அம்மா வந்துட்டேம்ளா." நகம் பெயரச் சுரண்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, சொரண்டாதீங்க" என்று கன்னையன் ஓடிவந்தார். "பாப்பா உங்க பின்னாலதான நிக்குது? இது வெறும் சுண்ணாம்புப் பெயின்ட்டுங்க. ஒரு மழை வந்தா தானாப் போயிரும். போன வருசம் மழையில அழிஞ்சதத்தான் மறுக்கா வரஞ்சிருக்காங்க."

முதல் துளி சுவரில் விழுந்தது. பெனிட்டாவின் நெற்றியில்.

ரோஸ்மேரி முந்தானையை விரித்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கன்னத்தை வைத்து மறைத்தாள். கைகளை அகட்டி மறைத்தாள். மழை வலுத்தது. அவள் விரலிடுக்கில் நீலம் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள்.

"யம்மா, வீட்டுக்குப் போவம்."