உலை வை

அன்று கடலில் ஒரு படகுகூட இல்லை. ஆனாலும் பின்னறையில் கம்ப்யூட்டர் மிஷினின் காற்றாடி திடீரென்று வேகமெடுத்தது.

ஆக்சிலியா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். டிசம்பர் மாதம், மணி ஐந்துதான். அந்தமானில் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. தகரக் கூரையில் மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது, சுவர்களில் உப்பு ஈரம் ஊறிய வாடை, எங்கோ ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும் ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில் அந்தக் காற்றாடி நாலைந்து நொடி இரைந்து, பிறகு ஓய்ந்தது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

மின்னி பே என்ற விரிகுடாவின் கரையில், கடலைப் பார்த்த அந்தச் சின்ன வீட்டின் பின்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. மெயின்லேண்டில் இருப்பவர்கள் என்றால் பெரிய கம்பெனிகளின் கிளவுடை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். இங்கே நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் மீனவர் சங்கத்துக்காக, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இறக்கி, வீட்டுக்குள்ளேயே ஒரு கிளவுடைக் கட்டியிருந்தாள் அவள். ஏழு படகுகள், படகுக்கு ஒரு ரேடியோ டப்பா, டப்பாவுக்கு ஒரே பொத்தான். திரும்பி வருகிறவர் துறைமுக வாயில் நுழைந்ததும் அதை அழுத்துவார். மிஷினில் தூங்கிக் கிடக்கும், ஃபங்ஷன் எனப்படும் சின்ன நிரல் ஒன்று எழுந்து, அவர் வீட்டுக்கு 'உலை வை' என்று செய்தி அனுப்பிவிட்டு மறைந்துபோகும். ஆள் குளித்துவிட்டு உட்காரும்போது சோறு சுடச்சுட இருக்கும்.

"கூப்பிட்டா மட்டும் எந்திரிக்கும். வேலை முடிஞ்சதும் செத்துப்போவும்," என்று கணவன் மத்தியாஸுக்கு விளக்கியிருந்தாள்.

"அப்ப பேயின்னு சொல்லு," என்று அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: "ஆபத்துன்னா என்னட்டி செய்ய?"

"மூணு தடவை அமுக்குங்க. எல்லாப் போட்டுக்கும் தகவல் போயிரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அதை அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை. அந்த ஃபங்ஷனுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும் அது புதிதாகப் பிறந்த பிள்ளை. சற்று முன் கூப்பிட்டது அதற்குத் தெரியாது. எத்தனையாவது அழைப்பு என்பதை வெளியே தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ஒரு காலை நேரத்து வேலைதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் அவள் போன் அடித்தது. உலை வை. உடனே இன்னொன்று, உலை வை. மறுபடியும். ஒரே பொத்தான்தானே, கை பட்டிருக்கும் என்று நினைத்தாள்; மூன்று தடவை என்று தானே சொன்னது நினைவுக்கு வரவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, போனை அணைத்து வைத்துவிட்டு, அரை ஆழாக்கு அரிசி கூடவே போட்டாள். சோறு வெந்தது. ஆறியது. மத்தியாஸ் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மறுநாள் மிஷினின் பதிவைப் பார்த்தபோது தெரிந்தது, அவன் நாற்பத்தோரு தடவை அழுத்தியிருந்தான். நாற்பத்தோரு தடவையும் அந்த ஃபங்ஷன் முதல் தடவைபோலவே எழுந்து, சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தது. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது. தான் எழுதாமல் விட்டதை ஆக்சிலியா யாரிடமும் சொல்லவில்லை.

அவன் தம்பி ஜஸ்டின் கடல் அடங்கியதும் புதுப் படகை இறக்கப்போகிறான். இவனையும் பறிகொடுக்கக் கூடாது என்று இன்று காலை அந்தக் கணக்கையும், அழைப்பு வரும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் ஒருவழியாக எழுதி முடித்தாள். அரை மணி நேரத்துக்குள் மூன்று அழைப்பு வந்தால் ஆபத்து. சோதித்துப் பார்க்க ஒரு படகின் பெயர் வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் படகுப் பெயரில் ஆபத்தைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. மத்தியாஸோடு போன படகின் பெயரையே போட்டாள்: 'சலேத் மாதா'. மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவதற்கு, ஆபத்து என்று திரை சிவந்தது. மூன்று மாதம் தாமதமாகச் சரியாகிவிட்டது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

இப்போது போன் ஒலித்தது. ஜஸ்டின்.

"மைனி, டப்பா வேலை செய்யுதா?"

"செய்யுது. நீ இப்ப எதையும் அமுக்கினியா?"

"நான் எப்படி அமுக்க? என் டப்பா உங்க மேஜையிலல்லா கெடக்கு. மௌசம் கராப் மைனி, காத்தும் மழையுமா இருக்கு, போட்டெல்லாம் கரையிலதான் கட்டிக் கெடக்கு. ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. மழைல வெளிய போவாத."

போனை வைத்ததும் அது கையிலேயே அதிர்ந்தது.

உலை வை.

பின்னறைக்குப் போனாள். திரையில் 'சலேத் மாதா' என்ற பெயருக்கு எதிரே ஒன்று என்றிருந்தது. காலையில் கூப்பிட்டது எங்கோ சிக்கிக்கொண்டு இப்போது வருகிறது, இதெல்லாம் நடக்கிறதுதான் என்று சொல்லிக்கொண்டாள். நேரத்தைப் பார்த்தாள். ஐந்து பன்னிரண்டு. இப்போதைய நேரம். காலையில் கூப்பிட்டபோது வரைபடத்தில் இடம் எதுவும் காட்டவில்லை. இப்போது ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. துறைமுக வாயில்.

காற்றாடி இரைந்தது.

இரண்டு. புள்ளி இறங்குதுறையில், அவள் வீட்டுக்குக் கீழே.

ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் அவள் கண் எண்ணிலேயே நின்றது. மூன்று வரட்டும். இந்தத் தடவை புரிந்துகொள்வேன், இந்தத் தடவை சிரிக்க மாட்டேன், வந்துவிடுகிறேன், கூப்பிடுங்கள். நிமிடங்கள் போயின. ஐந்து. ஆறு. மூன்று வரவில்லை. செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டு, அரிசி களைந்து உலை வைத்தாள்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. வேகும் சோற்றின் மணத்தோடு வேறொரு வாடை வந்தது. டீசல். நனைந்த கயிறு. அதற்கும் அடியில், நெடுநாள் தண்ணீரில் கிடந்த ஏதோ ஒன்று. முன்கதவு சாத்தியேதான் இருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது. கதவிலிருந்து அடுப்படிவரை தரை ஈரம்.

பின்னறையில் காற்றாடி இரைந்தது.

போன் சிவந்தது. ஆபத்து. புள்ளி இந்த வீட்டின்மேல் இருந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள்.

சாப்பிட அவன் எப்போதும் உட்காரும் இடத்தில், சுவரோரம், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. நீலச் சட்டை. அவள் பொத்தான் தைத்துக் கொடுத்த சட்டை. அதிலிருந்து தண்ணீர் நிற்காமல் வடிந்தது. தலை குனிந்திருந்தது. வலது கை தரையில்.

கட்டைவிரல் தரையை அழுத்தியது.

மூன்று தடவை. நின்றது. மறுபடி மூன்று தடவை. அந்த விரலில் நகம் இல்லை. தோலும் இல்லை.

"வந்துட்டீங்க," என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. "வீட்டுக்கு வந்துட்டீங்க. நான்தான் கூப்பிட்டேன். போதும், அமுக்க வேண்டாம். எனக்குப் புரிஞ்சிட்டு."

விரல் நின்றது.

தலை லேசாகச் சாய்ந்தது, காது கொடுப்பதுபோல. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. கையை நீட்டினாள், தோளைத் தொட.

விரல் மறுபடி அழுத்தியது. அவசரமாக. இதற்குமுன் கூப்பிட்டதே இல்லை என்பதுபோல. யாரும் பதில் சொன்னதே இல்லை என்பதுபோல.

உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. மின்சாரமும் போனது, அதோடு காலையில் எழுதிய கணக்கும் அழிந்துபோனது. பின்னறையில் பேட்டரியில் காற்றாடி ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, தரையில் எலும்பு தட்டும் ஓசை ஒவ்வொன்றுக்கும் அவள் உள்ளங்கையில் ஒரு வெளிச்சம் எழுந்து அணைந்தது.

உலை வை. உலை வை. உலை வை.